உங்களுக்குத் தெரியுமா? செத்த மீனும் யோசிக்கும்!

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் காலை ஐந்தரைக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர் மாமா. ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். ஒரு தாமரைப்பூ, ஒரு குட்மார்னிங், அதற்குக் கீழே ‘அமெரிக்க விஞ்ஞானிகள் அதிர்ச்சித் தகவல்’. போன மாதம் வந்தது இது: ‘விரலில் சொடக்கு எடுப்பவரா நீங்கள்? மூட்டுவாதம் நிச்சயம்!’ சொடக்கு எடுத்துக்கொண்டேதான் படித்தேன். “எத்தனை பேரை வச்சுப் பார்த்தாங்களாம் மாமா?” என்று கேட்டு வைத்தேன். கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது.

மாமா சொல்லாவிட்டாலும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. ஒரே ஒருத்தர்!

★ டொனால்டு அங்கர், கலிஃபோர்னியா டாக்டர். சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று சின்ன வயதில் அம்மாவும் அத்தைமார்களும் மிரட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரும் சேர்ந்துகொண்டார். மனுஷன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. இடது கை விரல்களில் மட்டும் தினமும் இரண்டு தடவையாவது சொடக்கு எடுத்தார். வலது கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தார். இப்படியே 50 வருடம். குறைந்தது 36,500 சொடக்கு என்று கணக்கும் போட்டார். கடைசியில் பார்த்தால் இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை, இரண்டுக்கும் வித்தியாசமும் இல்லை. 1998-ல் ஒரு மருத்துவ இதழுக்கு இதைக் கடிதமாக எழுதிப் போட்டார். அதற்குள் அவரை மிரட்டிய அத்தைகளில் எத்தனை பேர் இருந்தார்களோ!

நம் ஊர் அத்தைகள் இந்த விஷயத்தில் நேர் எதிர். குழந்தையின் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். பத்து விரலும் படபடவென்று முறிய வேண்டும். முறியாவிட்டால்தான் கவலை.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் எண்ணெய் போல ஒரு நீர் இருக்கிறது. விரலை இழுக்கும்போது உள்ளே இடம் சட்டென்று விரிந்து, அந்த நீரில் ஒரு காற்றுக்குழி உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-ல் ஒருவரின் விரல்களை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, கயிறு கட்டி இழுத்து, படமாகவே எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

★ அங்கருக்கு 2009-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. 1991-ல் மார்க் ஆப்ரஹாம்ஸ் என்ற அமெரிக்கர் தொடங்கிய பரிசு இது. முதலில் சிரிக்க வைக்க வேண்டும், அப்புறம் யோசிக்க வைக்க வேண்டும், தகுதி அவ்வளவுதான். கொடுப்பவர்கள் நிஜ நோபல் வாங்கியவர்கள். பல வருடம் கொடுத்த பரிசுத்தொகை 10 லட்சம் கோடி டாலர்! ஜிம்பாப்வே டாலர். அந்த நோட்டு எப்போதோ செல்லாமல் போய்விட்டது. ஒரு டீ கூடக் கிடைக்காது.

இந்தப் பரிசளிப்பு விழாவில் எனக்குப் பிடித்த ஆள் ஓர் எட்டு வயதுச் சிறுமி. பேசுகிறவர் இழுத்துக்கொண்டே போனால் பக்கத்தில் வந்து நின்று, “ப்ளீஸ், நிறுத்துங்க. போரடிக்குது” என்று திரும்பத் திரும்பச் சொல்வாள், அவர் நிறுத்தும் வரை. நம் ஊர் நூல் வெளியீட்டு விழாக்களுக்கு இப்படி ஒரு பாப்பா கிடைத்தால் விமான டிக்கெட் நானே எடுத்துத் தருகிறேன்.

★ அந்த விழாவில் பார்வையாளர்கள் மேடையை நோக்கிக் காகித ராக்கெட் விடுவார்கள். அதைத் துடைப்பம் எடுத்துக் கூட்டும் வேலையைப் பல வருடம் செய்தவர் ஹார்வர்டு பேராசிரியர் ராய் கிளாபர். 2005-ல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் கிடைத்தது. நிஜ நோபல்.

★ இரண்டையும் தனித்தனியாக வாங்கியவர் ஆந்த்ரே கைம். காந்த சக்தியால் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்க விட்டதற்கு 2000-ல் இக் நோபல். கிராஃபீன் என்ற மெல்லிய கரிப்படலத்துக்காக 2010-ல் நோபல். கிராஃபீனை அவர் பிரித்தெடுத்தது பென்சில் கரித்துண்டின் மேல் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து. தவளைக்குப் பெரிய காந்தம் வேண்டியிருந்தது. நோபலுக்கு ஸ்டேஷனரி கடைச் சாமானே போதுமாக இருந்தது.

★ சரி, தலைப்புக்கு வருவோம். கிரெய்க் பென்னெட் என்ற மூளை ஆராய்ச்சியாளர் கடையில் ஒரு முழு சால்மன் மீன் வாங்கினார். அதை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுகிற படங்களை அதற்குக் காட்டினார். ‘இந்தப் படத்தில் இருப்பவர் என்ன மனநிலையில் இருக்கிறார், யோசித்துச் சொல்’ என்று மீனிடம் முறைப்படி கேட்கவும் செய்தார். ஸ்கேனில் மீனின் மூளையில் ஓரிடம் சிவப்பாக ஒளிர்ந்தது. அதாவது, மீன் யோசித்திருக்கிறது!

மீன் செத்துக் கிடந்தது என்பதை நினைவூட்டுகிறேன்.

விஷயம் இதுதான். மூளை ஸ்கேன் என்பது ஒரே படமல்ல. மூளையைப் பல ஆயிரம் குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ‘இங்கே ஏதாவது மாறியதா?’ என்று தனித்தனியாகக் கேட்கிற கணக்கு. அத்தனை தடவை கேட்டால் நாலைந்து கட்டங்கள் சும்மாவே ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிடும். அதற்கென்று ஒரு திருத்தக் கணக்கு உண்டு. அந்தக் காலத்தில் பல ஆராய்ச்சியாளர்கள் அதைப் போடாமலே ‘காதல் இங்கே, பக்தி அங்கே’ என்று மூளைக்குப் பட்டா எழுதிக்கொண்டிருந்தார்கள். பென்னெட் அந்தத் திருத்தத்தைப் போட்டதும் மீன் மறுபடி செத்துப்போனது. 2012-ல் இக் நோபல்.

★ இதே தந்திரத்தைத் தெரிந்தே செய்து உலகத்தையே ஏமாற்றியவர் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர். 2015-ல், ‘டார்க் சாக்லேட் சாப்பிட்டால் சீக்கிரம் உடம்பு இளைக்கும்’ என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஜெர்மனியின் பில்டு நாளிதழ் தொடங்கிப் பல நாட்டுப் பத்திரிகைகள் போட்டுத் தள்ளின. யார்தான் நம்ப விரும்ப மாட்டார்கள்?

பொஹானனும் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சிக் குழுவும் சேர்ந்து செய்த வேலை அது. ஆய்வு நிஜம்தான். ஆட்களும் நிஜம், சாக்லேட்டும் நிஜம். ஆனால், மொத்த ஆட்கள் 15. அவர்களையும் மூன்று குழுவாகப் பிரித்து, எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். பதினெட்டுக் கோயிலில் பதினெட்டு விதமாக வேண்டிக்கொண்டு, ஏதோ ஒன்று நடந்ததும் அந்தச் சாமிதான் சக்தியுள்ள சாமி என்று மொட்டை போடுவது போல. பதினெட்டில் ஒன்றாவது தற்செயலாகப் பலித்துவிட 60 சதவீத வாய்ப்பு உண்டு. எடை பலித்தது. தூக்கம் பலித்திருந்தால் ‘சாக்லேட் சாப்பிட்டால் நன்றாகத் தூக்கம் வரும்’ என்று நாம் படித்திருப்போம்.

இதை வெளியிடப் போலியாக ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்; நிறுவனம் என்றால் ஒரு வெப்சைட். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழில் கொடுத்தார். பத்திரிகைகளில் எத்தனை பேர் ‘எத்தனை ஆட்களை வைத்துப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அநேகமாக யாரும் இல்லை என்று அவரே பிறகு எழுதினார். மாமாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்!

★ விமானத்திலிருந்து குதிக்கும்போது பாராசூட் மாட்டிக்கொண்டாலும் மாட்டாவிட்டாலும் சாவில், காயத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த, முறையான மருத்துவப் பரிசோதனையின் முடிவு இது. 23 பேர். சிலருக்குப் பாராசூட், சிலருக்கு வெறும் பை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எல்லோரும் குதித்தார்கள். எல்லோரும் நலம்.

கட்டுரையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும்: விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது. குதித்த உயரம் சராசரியாக 0.6 மீட்டர். நம் வீட்டுத் திண்ணை இதைவிட உயரம். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மருந்து எழுதும் டாக்டர்களுக்காக டாக்டர்களே எடுத்த நாடகம். அந்த இதழின் கிறிஸ்துமஸ் மலரில் ஒவ்வொரு வருடமும் இப்படிச் சில கட்டுரைகள் வரும். கேள்வி கோமாளித்தனமாக இருக்கும், கணக்கு அசல் கணக்காக இருக்கும்.

★ அந்த மலரில் வந்த இன்னொன்று. மெல்பர்னில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையம். டீ ரூமில் ஸ்பூன் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. விஞ்ஞானிகள் என்ன செய்வார்கள்? 70 டீஸ்பூன் வாங்கி, யாருக்கும் சொல்லாமல் ரகசிய எண் போட்டு, அறை அறையாக வைத்து, ஐந்து மாதம் எண்ணினார்கள். 56 காணோம். கதிரியக்கப் பொருளுக்குச் சொல்வது போல ஸ்பூனுக்கும் ‘அரை ஆயுள்’ கணக்கிட்டார்கள்: 81 நாள். எல்லோரும் புழங்கும் பொது அறையில் 42 நாள்தான். அவரவர் பிரிவுக்கென்று இருந்த அறையில் 77 நாள். பொதுச்சொத்து என்றால் மெல்பர்னாக இருந்தாலும் மதுரையாக இருந்தாலும் ஒரே கதைதான்.

★ இது 2013 மலரில் வந்தது. பிரிட்டனின் சில ஆஸ்பத்திரி வார்டுகளில் இரண்டு இரண்டு சாக்லேட் டப்பா வைத்து, மறைந்திருந்து கவனித்தார்கள். டப்பா வைத்து, சராசரியாக 12-வது நிமிடத்தில் மூடி திறக்கப்பட்டது. ஒரு சாக்லேட்டின் இடைநிலை ஆயுள் 51 நிமிடம். நர்ஸுகள் 28 சதவீதம், வார்டு உதவியாளர்கள் 28 சதவீதம் தின்றார்கள். டாக்டர்கள் 15 சதவீதம். டாக்டர்கள் ரவுண்ட்ஸுக்குத் தாமதமாக வந்திருப்பார்கள்!

★ கிண்டலே மருத்துவமாகிவிட்ட கதையும் உண்டு. 1974-ல் அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு, ‘செல்லோ வாத்தியம் வாசிக்கும் ஆண்களுக்குச் சொல்லக் கூச்சமான ஓரிடத்தில் புண் வருகிறது’ என்று ஒரு கடிதம் வந்தது. முந்தைய ஓர் இதழில் கிட்டார் வாசிப்பவர்களுக்கு வரும் கோளாறு பற்றி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எலைன் மர்ஃபி என்ற டாக்டரும் அவர் கணவரும் சிரித்துக்கொண்டே எழுதிப் போட்டது. அச்சாகும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அச்சாகிவிட்டது. அப்புறம் வந்த கட்டுரைகள் அதை மேற்கோளும் காட்டின. 34 வருடம் கழித்து, 2009-ல், பிரபுக்கள் சபை உறுப்பினராகிவிட்ட எலைன் மர்ஃபி, ‘அது நாங்கள் விட்ட கதை’ என்று அதே இதழுக்கு எழுதி ஒப்புக்கொண்டார். செல்லோவை எப்படிப் பிடித்து வாசிக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்தவர்களுக்கே அது நடக்காது என்று புரிந்திருக்கும். 34 வருடமாக யாரும் கச்சேரிக்குப் போகவில்லை போல.

★ மாமாவை நான் ஒருமுறை சோதித்தேன். செய்யக் கூடாதுதான். ‘டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்ற ரசாயனம் நம் வீடுகளில் தாராளமாகப் புழங்குகிறது. அமில மழையில் இருப்பது இதுதான். ஆவியாகப் பட்டால் தோல் வெந்துவிடும். மூச்சுக்குழாய்க்குள் போனால் மரணம். புற்றுநோய்க் கட்டிகளிலும் இது காணப்படுகிறது’ என்று குழுவில் போட்டேன். மாமா பத்தே நிமிடத்தில் அதை இன்னும் மூன்று குழுக்களுக்கு அனுப்பினார். ஓர் அத்தை, ‘இதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?’ என்று கேட்டார்.

ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. தண்ணீர்தான் சாமி!

சரக்கு என்னுடையதல்ல. 1997-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 14 வயது மாணவர் ஒருவர் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதையே செய்தார். 50 மாணவர்களில் 43 பேர் தடை செய்யச் சொன்னார்கள். தண்ணீர் என்று கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள். 2004-ல் கலிஃபோர்னியாவில் ஒரு நகராட்சி இதே காரணத்தைச் சொல்லி ஒருவகை டம்ளர்களுக்குத் தடை கொண்டுவரும் அளவுக்குப் போய், கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டது. மாமா எனக்கு அன்று ராத்திரி போன் செய்தார். “தண்ணியா மாப்ளே?” அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் மூன்று நாள் நீடித்தது.

★ இந்தியர்கள் சளைத்தவர்களா? பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் சித்தரஞ்சன் ஆந்த்ராதேவும் பி.எஸ்.ஸ்ரீஹரியும், நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 200 பதின்வயதினரிடம் மூக்கு நோண்டுவது பற்றி முறையாக விசாரித்தார்கள். அநேகமாக எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு தடவை; 20 தடவைக்கு மேல் போகிறவர்கள் 7.6 சதவீதம். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். அடுத்தவர் மூக்கிலேயே நுழைந்த விஞ்ஞானிகளுக்கு 2001-ல் இக் நோபல். அளவு மீறினால் அது மனநலச் சிக்கலின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால்தான் மனநல மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். தப்பான சொல். ஆய்வுக்கு எடுத்தார்கள்.

★ யானையின் தோல் எவ்வளவு பரப்பு? கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கே.பி.ஸ்ரீகுமாரும் ஜி.நிர்மலனும் அதற்கு ஒரு வாய்பாடு கண்டுபிடித்து 2002-ல் கணித இக் நோபல் வாங்கினார்கள். யானைமேல் ஏறித் துணி போர்த்தி அளக்க வேண்டாம். உயரமும் முன்னங்கால் பாதத்தின் சுற்றளவும் தெரிந்தால் போதும். அந்தச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய உயரமே வந்துவிடும் என்பது பழைய யானைக்காரர்களுக்கும் தெரிந்த கணக்கு. ஆக, காலடித் தடம் ஒன்று கிடைத்தாலே கதை முடிந்தது. இரண்டரை மீட்டர் உயர யானைக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 190 சதுர அடி வருகிறது. சென்னையில் இந்த அளவை ‘விசாலமான ஹால்’ என்று விளம்பரம் செய்வார்கள்.

★ 2025 இக் நோபலிலும் இந்தியக் கொடி பறந்தது. விகாஷ் குமார், சார்த்தக் மித்தல் இருவரும் நாற்றமடிக்கும் ஷூக்களால் ஷூ ஸ்டாண்டு வைத்திருப்பவர் படும் பாட்டைப் பொறியியல் நோக்கில் ஆராய்ந்தவர்கள். புற ஊதா விளக்கு பொருத்தி, நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவைக் கொல்கிற ஸ்டாண்டு அவர்களின் யோசனை. ஆண்கள் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

★ பூனையோ மாடோ யானையோ, ஒரு தடவை சிறுநீர் கழித்து முடிக்க ஆகும் நேரம் சுமார் 21 விநாடி. மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதுதான். யானையின் பையில் 18 லிட்டர் இருக்குமே, எப்படி? அதற்கேற்ப யானையின் சிறுநீர்க் குழாய் நீளம். ஒரு மீட்டர் அளவுக்கு. மாடித் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்குத் தண்ணீர் வேகமாக வருவதும் முதல் மாடிக்கு ஒழுகுவதும் தெரியும் அல்லவா, அதே சங்கதி. நீளம் கூடக் கூட வேகம் கூடும். ஜார்ஜியா டெக் நிறுவனத்தின் பட்ரீஷியா யாங், டேவிட் ஹூ குழுவுக்கு 2015-ல் இக் நோபல்.

அதே இருவர் 2019-லும் வந்து நின்றார்கள். ஆஸ்திரேலியாவின் வாம்பட் என்ற விலங்கு கனசதுரமாகப் புழுக்கை போடும். பகடைக்காய் போல. குடல் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருப்பதால் மூலை உண்டாகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். செங்கல்லுக்கு அச்சு வேண்டும், வாம்பட்டுக்கு வேண்டாம்.

★ சிறுநீரகக் கல்லுக்கு நம்மிடம் வாழைத்தண்டு வைத்தியம் இருக்கிறது. மிச்சிகனைச் சேர்ந்த டேவிட் வார்டிங்கர் என்ற டாக்டரிடம், டிஸ்னி வேர்ல்டில் ரோலர் கோஸ்டர் ஏறியதும் கல் விழுந்துவிட்டது என்று நோயாளிகள் வந்து சொன்னார்கள். வேறு ஆளாக இருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார். இவர் சிலிகானில் சிறுநீரகம் ஒன்று செய்து, அதில் நிஜக் கற்களையும் நிஜச் சிறுநீரையும் நிரப்பி, பையில் வைத்து, அதே ரோலர் கோஸ்டரில் 20 தடவை ஏறினார். முன் சீட்டில் கல் நகர்ந்து வெளியேறியது 17 சதவீதம். பின் சீட்டில் 64 சதவீதம்.

பஸ்ஸில் கடைசி சீட்டு எப்படித் தூக்கிப்போடும் என்று தெரிந்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால், சிறு கற்களுக்கு மட்டும்தான் இது. கல்லடைப்பு வந்து துடிப்பவர் பஸ் ஏறுவதற்குப் பதில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதே உத்தமம். ஆட்டோவும் அதே வேலையைச் செய்யக்கூடும்.

★ குடல்புண் என்றால் ‘காரத்தைக் குறை, கவலையை விடு’ என்பதுதான் வெகுகாலம் உலகம் முழுக்க மருத்துவம். பெர்த் நகரின் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் ‘பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவின் வேலை’ என்றார்கள். வயிற்று அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று பெரியவர்கள் சிரித்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை ஒரு கோப்பையில் கரைத்துக் குடித்தார். சில நாளில் வாந்தி, வயிற்றில் அழற்சி, வாய் நாற்றம். மனைவிக்குப் பிறகுதான் சொன்னார். 2005-ல் இருவருக்கும் நோபல். சிரிப்பவர்களுக்கு எதிராகக் கோப்பையை எடுத்த எல்லோருக்கும் நோபல் கிடைப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

★ மிளகாய் காட்டும் உறைப்பு சுவையே அல்ல. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் ‘ஐயோ’ என்று கத்தும் நரம்பு வாசல் ஒன்று நம் நாக்கில் இருக்கிறது. மிளகாயின் காப்சைசின் அதே வாசலைத் திறந்துவிடுகிறது. நாக்கு ‘சுட்டுவிட்டது’ என்று மூளைக்குப் பொய்த் தந்தி அடிக்கிறது. அந்த வாசலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல். பறவைகளின் வாசல் காப்சைசினுக்குத் திறப்பதில்லை. கிளி மிளகாயைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதனால்தான். அதற்கு அது வெறும் காய்.

★ 1976, லண்டன். சர்க்கரையை குளோரினோடு சேர்த்து உண்டாக்கிய ஒரு பொருளை ‘டெஸ்ட்’ பண்ணச் சொன்னார் பேராசிரியர் லெஸ்லி ஹவ். ஆராய்ச்சி மாணவர் சசிகாந்த் பட்னிஸ் காதில் ‘டேஸ்ட்’ என்று விழுந்தது. நாக்கில் வைத்தே பார்த்துவிட்டார். இனித்தது; சர்க்கரையைப் போல 600 மடங்கு. இன்று சர்க்கரை நோயாளிகளின் டீயில் விழும் சுக்ரலோஸ் அப்படிப் பிறந்தது. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பானதில் ஒரு தொழிலே முளைத்துவிட்டது. தமிழ் டிக்டேஷனில் இதற்கு எனக்கு அரை மார்க் குறைத்தார்கள்.

★ மிச்சிகன் பேராசிரியர் ஜாக் ஹெதரிங்டன் 1975-ல் ஓர் இயற்பியல் கட்டுரையைத் தனியாக எழுதி முடித்தார். படித்த நண்பர், “முழுக்க ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, ஒற்றை ஆசிரியர் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்றார். டைப்ரைட்டர் காலம். மொத்தத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். ஹெதரிங்டன் யோசித்தார். தன் வீட்டு சியாமியப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி.வில்லர்டு என்ற பெயரில் இணை ஆசிரியராகச் சேர்த்து அனுப்பிவிட்டார். வில்லர்டு என்பது செஸ்டரின் அப்பா பெயர். இனிஷியல் விஷயத்தில் அமெரிக்கப் பூனைக்கும் ஒழுங்கு இருக்கிறது. சில பிரதிகளில் பூனை பாதம் வைத்துக் கையெழுத்தும் போட்டது. தமிழில் எழுதியிருந்தால் மனுஷனுக்கு இன்னும் கஷ்டம். ‘நாங்கள்’ போதாது, ‘கண்டோம், அளந்தோம், வியந்தோம்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் பூனை வந்து வாலாட்டும்.

★ நூறு வயதைத் தாண்டியவர்கள் கூட்டமாக வாழும் ஊர்கள், அவர்களின் ரகசிய உணவு என்று மாமா மாதம் ஒன்று அனுப்புவார். சால் நியூமன் என்ற ஆராய்ச்சியாளர் அந்த நூறு வயதுக்காரர்களின் கணக்கைத் தோண்டினார். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமானதும் 110 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 சதவீதம் சரிந்தது. சான்றிதழ் என்ன, கொரோனாவா? பல இடங்களில் ரகசிய உணவு வேறு எதுவுமில்லை. தப்பான பிறந்த தேதியும் பென்ஷனும்தான். 2010-ல் டோக்கியோவில் 111 வயதுக்காரர் ஒருவருக்கு வாழ்த்துச் சொல்லப் போன அதிகாரிகள் கண்டது, சுமார் 30 வருடத்துக்கு முன்பே இறந்துபோனவரின் உலர்ந்த சடலத்தை. அதன்பின் நாடு முழுக்கத் தேடியதில், பதிவேட்டில் மட்டும் ‘வாழ்ந்த’ நூறு வயதுக்காரர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். நியூமனுக்கு 2024-ல் இக் நோபல்.

இதற்கு நேர் எதிர் நம் உத்தரப் பிரதேசத்து லால் பிகாரி. உயிரோடு இருந்தவரை நிலத்துக்காக உறவினர்கள் காகிதத்தில் சாகடித்துவிட்டார்கள். கடன் கேட்டுப் போனபோதுதான் தான் இறந்த செய்தி அவருக்கே தெரிந்தது. உயிரோடு இருப்பதை நிரூபிக்க மனைவிக்கு விதவைப் பென்ஷன் கேட்டார், தேர்தலில் நின்றார், பெயரோடு ‘இறந்தவர்’ என்று சேர்த்துக்கொண்டார், தன்னைப் போன்றவர்களைத் திரட்டி ‘இறந்தோர் சங்கம்’ ஆரம்பித்தார். 1994-ல் அரசாங்கம் அவரை உயிர்ப்பித்தது. 2003-ல் அமைதிக்கான இக் நோபல். ஜப்பான் தாத்தாவும் இவரும் காகிதத்தை மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு அரசாங்கங்களுக்கும் கணக்கு நேராகியிருக்கும்.

★ கடைசியாக ஒன்று. குரூப் போட்டோவில் யாரும் கண்ணை மூடாமல் இருக்க எத்தனை படம் எடுக்க வேண்டும்? ஆஸ்திரேலிய அறிவியல் நிறுவனத்தின் பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் கண் சிமிட்டும் வேகத்தைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: இருபது பேருக்குள் என்றால், வெளிச்சம் நன்றாக இருந்தால் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கல் என்றால் இரண்டால். பன்னிரண்டு பேருக்கு நான்கு படம். ஐம்பது பேரைத் தாண்டினால் கணக்கு கைவிரித்துவிடும்.

போன வாரம் மாமாவின் பேரனுக்குக் காதுகுத்து. மேடையில் அறுபது பேர். படம் குழுவில் வந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்து பளிச்சென்று சிரிக்க, நடு நாயகமாக உட்கார்ந்திருந்த மாமா மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் மேலே சொன்ன கண்டுபிடிப்பை ஆறுதலாக அனுப்பி வைத்தேன்.

உடனே பதில் வந்தது. “எத்தனை பேரை வச்சுப் பார்த்தாங்களாம் மாப்ளே?”